பசறை ரோட்டில் ஒரு டெல்டா

பதுளையோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. எங்கள் பக்கத்தில் நிலம் முடிந்தால் கடல் ஆரம்பிக்கும். இங்கே தண்டவாளம் முடிந்த இடத்தில் மலை ஆரம்பிக்கிறது. வண்டி நின்ற பிறகும் யாரும் அவசரப்படவில்லை. எனக்கும் இறங்க மனசில்லை. வழியெல்லாம் ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. நடுவில் கொஞ்சம் தூங்கியிருப்பேன். எது மேகம், எது கனவு என்று பிரித்துச் சொல்லத் தெரியாத நிலையில்தான் பிளாட்பாரத்தில் கால் வைத்தேன்.

நான் சீர்காழிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனால் வந்த காரியம் பூகோளம் அல்ல, பிள்ளை. என் அண்ணன் இலங்கையில் நமுனுகுல மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அண்ணிக்குப் பையன் பிறந்திருந்தான். ஒத்தாசைக்கு ஆளில்லை, கோடை விடுமுறைக்கு வந்துவிட்டுப் போ என்று அண்ணன் எழுதினார். எழுபதுகளின் நடுவாந்திரம் அது. அங்கே அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டுப் பெட்டியில் பாதிக்கு வடகமும் அப்பளமும் அடைத்துக்கொண்டு போயிருந்தேன். அண்ணி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, எண்ணெய் எங்கே என்று கேட்டாள். பொரிக்க எண்ணெய் வேண்டுமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்கு முன்னால் பசறை பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரோ ஒரு மூட்டை கோவா ஏற்றியிருந்தார்கள். நம் ஊர் முட்டைக்கோஸ்தான். அங்கே அதற்கு அப்படிப் பெயர். முதல் வளைவிலேயே மூட்டை வாய் பிளந்துவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் கோவா எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் உருண்டன. ஆளாளுக்குக் காலால் தடுத்து, பேச்சை நிறுத்தாமலே திருப்பி அனுப்பினார்கள். சொந்தக்காரர் முன் சீட்டில் நிம்மதியாகத் தூங்கினார். எங்கள் ஊர் பஸ்ஸாக இருந்தால் நாலு கோவாவாவது இறங்கிப் போயிருக்கும்.

பசறையில் காசிம் நானா கடையில் உட்கார்ந்திருக்கும்படி அண்ணன் சொல்லியிருந்தார். நானா என்றால் அங்கே அண்ணன். காசிம் நானா துணியும் விற்பார், மண்வெட்டியும் விற்பார், கேட்டால் தேநீரும் தருவார். சீனி கிடைக்காத காலம் என்பதால் உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்துக் கடித்துக்கொண்டே பாலில்லாத தேநீரைக் குடிக்க வேண்டும். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை, கோப்பையிலோ வெறும் தூசி. கேட்டதற்கு, நல்லதெல்லாம் கப்பலேறிவிடும், நமக்கு வருவது கூட்டிப் பெருக்கியதுதான் என்று அவர் சிரித்தார். எங்கள் ஊரில் நெல் விளைவிக்கிறவர்கள் கதையும் அதுதான் என்று சொன்னேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. இன்னொரு துண்டு கருப்பட்டி எடுத்து வைத்தார்.

மறுநாள் பிள்ளையைக் குளிப்பாட்ட ராக்கு வந்தாள். ஐம்பதை நெருங்கியவள், பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, வேலை விட்ட கையோடு வருவாள். காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றும்போது அவன் அழுததே இல்லை. நான் தூக்கினால் மட்டும் வீல் என்று கத்துவான். அத்தைக்குச் செலவுதான் மிச்சம்.

அன்று மத்தியானத்துக்கு மேல் மலையெல்லாம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. காலையில் கண்ணாடி மாதிரி இருந்தது, கொஞ்ச நேரத்துக்குள் செக்கச்செவேலென்று நுரைத்துப் பொங்கி வந்துவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் பக்கத்தில் ஆற்றில் இப்படிச் செந்தண்ணீர் வந்தால் ஊரே கரைக்கு ஓடும். புதுத்தண்ணீர் என்றால் வண்டல், வண்டல் என்றால் விளைச்சல். வளர்ந்த விதம் அப்படி. குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வேலியிலிருந்து ஒரு செம்பருத்தியைக் கிள்ளி, கொஞ்சம் மஞ்சள்தூளோடு தண்ணீரில் விட்டுக் கைகூப்பினேன்.

தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வந்த ராக்கு கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க டீச்சரம்மா கும்புடுறீங்க?"

புதுத்தண்ணீர் வந்திருக்கிறது, பார் எவ்வளவு வண்டல் என்றேன்.

"அது நாலாம் நம்பர் மலைங்க. எங்க வீட்டுக்காரரு கான் வெட்டிக் காப்பாத்துன மண்ணு. நாளைக்குப் பெரட்டுல அவருக்குத்தான் ஏச்சு விழும்."

தோட்டத்தில் தேயிலைக் காடு ஒவ்வொன்றுக்கும் மலை என்றுதான் பெயர், கூடவே ஒரு நம்பர். மழை மண்ணை அடித்துக்கொண்டு போகாமலிருக்கச் சரிவில் குறுக்கே வெட்டும் வாய்க்கால்தான் கான். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் இடம் பெரட்டு. ஆக, இங்கே ஒருவர் ஏச்சு வாங்குவதற்குத்தான் நான் பூப் போட்டுக் கும்பிட்டிருக்கிறேன். ராக்கு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனாலும் கூப்பிய கையை உடனே பிரிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை அண்ணனோடு மேலே ஏறினேன். தெளிவான நாளில் மலை உச்சியிலிருந்து கிழக்குக் கடல் தெரியுமாம். எனக்குத் தெரிந்தது பனிமூட்டம்தான். அதுவே கடல் மாதிரிதான் இருந்தது. மலைகள் அங்கங்கே தீவாக மிதந்தன. கண்டங்கள் நகர்கின்றன என்ற பாடம் அப்போதுதான் எங்களை மாதிரி ஆசிரியர்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. இரண்டு வருஷம் வகுப்பில் அதை ஒப்பித்திருக்கிறேன். நம்பியது அன்றைக்குத்தான். பூமியின் மேலோடு பெரிய பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்கிறது. இந்த நமுனுகுலவும் என் சீர்காழியும் ஒரே தட்டின் மேல்தான் இருக்கின்றன. நடுவில் கொஞ்சம் கடல் தேங்கி நிற்கிறது, அவ்வளவுதான். அந்தத் தட்டு வடக்கே ஆசியாவின் மேல் முட்டிக்கொண்டிருப்பதால் அங்கே இமயம் இன்னும் வளர்கிறது. அதை அரைத்துக்கொண்டு கங்கை வருகிறது. வங்காளத்தில் கடல் ஓதம் ஆளுயரத்துக்கு மேல் ஏறி இறங்குவதால், கொட்டிய மண்ணையெல்லாம் விரல் விரலாக அறுத்து வைக்கிறது. எங்கள் கரையில் ஓதம் சாது, முழங்கால் அளவுக்கு ஏறி இறங்கும். எங்களிடம் அதிகாரமெல்லாம் அலைக்குத்தான். ஆறு கொண்டுவந்து வைக்கும், அலை எடுத்துக்கொண்டு போகும். யார் கை ஓங்குகிறதோ அதைப் பொறுத்து ஊர் இருக்கும், இல்லாமலும் போகும்.

இந்த மலையோ வளர்கிற மலை அல்ல, தேய்கிற மலை. இதன் மண் ஓடை வழியாகப் பதுளை ஓயா என்ற ஆற்றுக்குப் போய், மகாவலியில் சேர்ந்து, திருகோணமலைப் பக்கம் கடலில் விழுகிறது. அங்கே கரையை ஒட்டியே கடலடியில் ஒரு பெரும் பள்ளம். போகிற மண்ணில் பெரும்பகுதி அதில் இறங்கிவிடும். நாலாம் நம்பர் மலை ஊராகாமல், வயலாகாமல், இருட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே இறங்கியதில் இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன். அண்ணன் காலைப் பார்த்து நடக்கச் சொன்னார்.

அன்று சாயங்காலம் ராக்குவின் வீட்டுக்காரர் மாரிமுத்து வந்தார். ஈரத்தலையைப் படிய வாரி, வெளுத்த சட்டை போட்டு, வாசலிலேயே நின்றார். எவ்வளவு சொல்லியும் நாற்காலியில் உட்காரவில்லை. வந்த விஷயம் இது. தோட்டத்து ஜனங்களைப் பங்கிட்டுக்கொள்ள இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவர்கள் குடும்பத்துக்கு இந்தியா என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பதுளைக்கு ஓர் அதிகாரி வருகிறார். இந்தியாவில் எங்கே போய் இருக்கப்போகிறார்கள் என்று அவரிடம் முடிவாகச் சொல்ல வேண்டும். நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுக்கிறார்கள். சொந்த ஊர்தான் வேண்டும் என்றால் சொந்த ஊர். ராக்குவுக்கு நீலகிரி. கைக்குத் தெரிந்த தொழில் கொழுந்து பறிப்பது, அதை விட்டுவிட்டு வயலில் போய் என்ன செய்வேன் என்பது அவள் கட்சி. மாரிமுத்துவுக்குச் சொந்த ஊர். அங்கே தாத்தா விற்காமல் விட்டுவிட்டு வந்த காணி இருக்கிறது. இதை வைத்துப் பல மாதமாக அவர்கள் வீட்டில் சண்டை.

"டீச்சருக்குக் கொள்ளிடக்கரைன்னு கிளாக்கரய்யா சொன்னாங்க. எங்க ஊரு நடுத்திட்டு தெரியுங்களா?"

தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எதற்குக் கேட்கிறார் என்று புரிந்தது.

மாரிமுத்து சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார். அவர் இந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். கடலையே பார்த்ததில்லை. ஆனாலும் காணியின் நாலு எல்லையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தெற்கே ஆறு, வடக்கே அய்யனார் கோயில், மேற்கே பங்காளி வயல், கிழக்கே பனை வரிசை, அதற்கு அப்பால் அலைச் சத்தம். அவருடைய பயமெல்லாம் பங்காளிகளைப் பற்றித்தான். இத்தனை காலம் அனுபவித்தவர்கள் சுலபத்தில் விடுவார்களா? அதற்காகப் பெரிய பங்காளிக்குக் கட்டிக்கொள்ள ஒரு சாரம், ஊர்ப் பெரியவருக்கு ஒரு டார்ச் லைட், பெண்களுக்குச் சோப்பு என்று காசிம் நானா கடையில் வாங்கி வைத்திருந்தார். சண்டைக்குப் போகக் கூடாது, பேசித்தான் வாங்க வேண்டும் என்றார்.

நிலம் இத்தனை வருஷத்தில் எப்படி ஆகியிருக்குமோ என்று நான் இழுத்தேன். அவருக்கு அது விளங்கவில்லை.

"காணி எங்கங்க போகும்? எங்க தாத்தா காலத்துல நாலாம் நம்பர் மலைன்னு பேரு வச்சாங்க. இன்னிக்கும் அது அங்கதானே இருக்கு."

நடுத்திட்டு என்பது கொள்ளிடம் கடலில் சேருமிடத்தில் ஆறு தானே போட்ட மண்மேடு. படிக்கிற காலத்தில் ஒரு தடவை படகில் போனபோது படகுக்காரர் துடுப்பை நீட்டிக் காட்டினார். தண்ணீர் வற்றியிருந்த நேரம்; கரிய பனங்கட்டைகள் சில கடலுக்குள் தலை காட்டின. ஆறு வாயை மாற்றிக்கொண்டது, மேலே அணைகள் வந்து மண்வரத்துக் குறைந்தது, பாரம் தாங்காமல் மேடும் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்தது. மிச்சத்தை அலை பார்த்துக்கொண்டது. ஜனங்கள் அய்யனாரைத் தூக்கிக்கொண்டு உள்ளே எங்கெங்கோ போய்விட்டார்கள். பங்காளிகளும் இல்லை, வயலும் இல்லை.

மாரிமுத்து போனதும் அண்ணனிடம் சொன்னேன். சொல்லாதே, பாவம், இங்கே அவனுக்கு இருப்பதெல்லாம் அந்த ஒரு நினைப்புதான், போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றார். தூளியை ஆட்டிக்கொண்டிருந்த அண்ணி திரும்பினாள். குடும்பத்தோடு போய் மணலில் நின்று தெரிந்துகொள்ளட்டும் என்கிறீர்களா என்று கேட்டாள்.

அடுத்த நாள் ராக்கு லயத்துக்குக் கூப்பிட்டாள். ஒரே கூரையின் கீழ் நீளமாக வரிசை வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். கனமாகத் தட்டிய ரொட்டியும் காரச் சம்பலும் கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, சம்பலால்தான் என்று வைத்துக்கொள்ளலாம். மாரிமுத்து டார்ச் லைட்டை எடுத்து எரிய வைத்துக் காட்டினார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் அக்கம்பக்கத்து ஜனங்கள் உட்கார்ந்து, உங்கள் ஊரில் வெயில் எப்படி, தண்ணீர் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் ஒருவருடைய காணியை எப்படிப் பறிப்பது? நான் கோழை. ரொட்டியை மென்றுகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை, பிள்ளைக்குக் கிரைப் வாட்டர் வாங்க என்று சொல்லி அவர்களோடு நானும் கிளம்பினேன். வழியில் சொல்லிவிடுவது என்று தீர்மானம். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டும் அவர்களுக்குக் கடைசிச் சீட்டும் கிடைத்தது. தீர்மானம் அத்தோடு நின்றது.

பசறைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வளைவில் பஸ் நின்றுவிட்டது. ராத்திரி மழையில் மலைச்சரிவு ஒரு துண்டு ரோட்டில் இறங்கியிருந்தது. ரோட்டு ஆட்கள் மண்ணை வாரிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இறங்கினோம். டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டு, மலைக்கு இஷ்டமானால் போகலாம் என்று சிங்களத்தில் சொன்னதாக ராக்கு சொன்னாள். மாரிமுத்துவால் சும்மா நிற்க முடியவில்லை. வெளுத்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு மண்வெட்டியை இரவல் வாங்கி, தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓரமாக ஓட ஒரு கான் வெட்டினார். பிறகுதான் அவருக்கு மூச்சு சீரானது.

அவர் வெட்டிவிட்ட தண்ணீர் சிவப்பு நூலாக ஓடி, ரோட்டோரக் குட்டை ஒன்றில் விழுந்தது. விழுந்த இடத்தில் வேகம் போனதும் மண்ணை இறக்கிவைத்தது. மண் தடுத்ததும் தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது, பிறகு நாலாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விசிறி மாதிரி ஒரு சின்ன நிலம் குட்டைக்குள் விரிந்தது. நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். கரும்பலகையில் ஆயிரம் தடவை வரைந்திருப்பேன். அது தானாக உண்டாகிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. மூடுபனி இறங்கி, பஸ்ஸும் ஆட்களும் மறைந்து, அந்தக் குட்டியூண்டு நாடும் நானும் மட்டும் இருந்தோம்.

"என்ன டீச்சர் பாக்குறீங்க?" மாரிமுத்து பக்கத்தில் வந்து நின்றார். பின்னால் ராக்கு.

"நம்ம ஊரு, மாரிமுத்து. இப்படித்தான் ஆச்சு."

அவரும் உட்கார்ந்தார். நான் விரலால் காட்டினேன். இது ஆறு. இது கடல். ஆறு கொண்டுவந்து போட்ட மண்தான் எங்கள் தஞ்சாவூர்ச் சீமை எல்லாம். இதோ இந்த ஓரத்தில் இருக்கிற துளி மேடு நடுத்திட்டு. அவர் அந்தத் துளியை உற்றுப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. ஈர மண்ணில் விரலை வைத்து, இந்தப் பக்கம் அய்யனார் கோயிலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு உள்ளங்கையைத் தண்ணீரில் வைத்து மெல்லத் தள்ளினேன். அலை போய் அந்த ஓரத்தில் தட்டியது. இன்னொரு தரம். மேடு கரைந்து சரிந்தது.

மாரிமுத்து கரைந்த இடத்தையே பார்த்தார்.

"கடல் எடுத்துக்கிச்சுங்களா?"

"ஆமாம். ரொம்ப நாளாச்சு. நானே கண்ணால பாத்தேன். பனங்கட்டைதான் இருக்கு."

"பங்காளிங்க?"

"யாரும் இல்ல."

அவர் எழுந்து போய் மண்வெட்டியைக் கழுவி, கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. அந்த மனிதர் என்னைத் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன், அவர் மண்வெட்டி கழுவியதைத் தாங்க முடியவில்லை. ரோடு திறந்து பஸ் கிளம்பியது. பதுளை வரைக்கும் அவர்கள் கடைசிச் சீட்டில், நான் முன் சீட்டில்.

அதிகாரி இந்தியாவிலிருந்து வந்தவர், மரியாதையாகப் பேசினார். முன்பு சொந்த ஊர் என்றல்லவா சொன்னீர்கள் என்று மாரிமுத்துவைக் கேட்டார்.

"அது இப்ப இல்லீங்க. தேயிலை இருக்கிற எடமாப் போட்டுக்குங்க."

அவ்வளவுதான். கைநாட்டு வைத்து வெளியே வர அதிக நேரமாகவில்லை. ராக்கு கேட்டது கிடைத்துவிட்டது. அவள் முகத்தை நான் பார்த்தேன், ஜெயித்தவள் முகமாக இல்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அரிசித் தட்டுப்பாட்டால் கடைகளில் சோறு போடக் கூடாத நாள் அது. அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் வந்தது. மாரிமுத்து சாப்பிட ஆரம்பித்தார். ராக்கு தட்டில் கை வைக்கவில்லை. திடீரென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, நாகரிகமாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நாந்தாங்க திட்டித் தீத்துட்டேன். சண்டை வரும்போதெல்லாம் அந்தக் காணி தண்ணியில போகட்டும்னு சொன்னேன். என் வாயி."

அவள் பிறப்பதற்கு முன்பே கடல் அதைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று சொன்னேன். அணையைச் சொன்னேன், அலையைச் சொன்னேன், வகுப்பில் சொல்வது போல எல்லாம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே அழுதாள். அவளுக்கு வேண்டியது பாடம் இல்லை.

மாரிமுத்து கையை நிறுத்தினார். காலையிலிருந்து முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அலை எடுத்துட்டுப் போற மண்ணு எங்கங்க போகும்?"

கரையோடு வடக்கே இழுத்துக்கொண்டு போகும், வேகம் குறைகிற இடத்தில் போடும் என்றேன். அங்கே முதலில் மணல்மேடாகும், வெகுகாலம் போனால் புல் முளைக்கும் என்றேன்.

அவர் கிழங்குத் தட்டை ராக்கு பக்கம் நகர்த்தினார்.

"சாப்புடு புள்ள. அங்கிட்டு யாராச்சும் வெதச்சிருப்பாங்க."